ஸ்கேனில் தேன்கூடு, ஆனால் அப்பா நடக்கிறார். அத்தைக்கு 'லேசு', ஆனால் நடக்க முடியவில்லை. எதை நம்புவது?

கேள்வி | 9 ஜனவரி 2024

அப்பாவுக்கு வயது 66. திருப்பூரில் சாயப்பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். வறட்டு இருமல் ஒரு வருடமாக விடவில்லை என்று சி.டி. ஸ்கேன் எடுத்தோம். இரண்டு நுரையீரலின் அடிப்பகுதியிலும் 'தேன்கூடு' இருப்பதாக அறிக்கை வந்தது. ஆனால் அவர் தினமும் காலையில் மார்க்கெட்டுக்கு நடந்தே போய்க் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். என் மாமியாருக்கு 58 வயது. அவருக்கும் நுரையீரலில் இதே வகை நோய் என்கிறார்கள், ஸ்கேனில் 'லேசான பாதிப்பு'. அத்தையால் சமையலறையிலிருந்து வாசலுக்கு வந்து பால் வாங்க முடியவில்லை. இரண்டு ஸ்கேனும் ஒரே மையத்தில், ஒரே வாரத்தில் எடுத்தவை. மாறிப்போயிருக்குமோ? ஸ்கேன் சொல்வது உண்மையா, நடை சொல்வது உண்மையா?

9 ஜனவரி, இரவு 10.20

மாறியிருக்காது. கோவையில் நுரையீரல் செயல்திறன் ஆய்வகம் ஒன்றில் பதினேழு வருடமாக இருக்கிறேன். நோயாளிகளை ஊதவைப்பதும் நடக்கவைப்பதும்தான் என் வேலை. மோசமான படமும் நல்ல நடையும் ஒரே ஆளிடம் இருப்பதை வாரந்தோறும் பார்க்கிறேன். நேர்மாறாகவும் பார்க்கிறேன்.

மூன்று விஷயங்களைத் தேடி எடுத்து இங்கே எழுதுங்கள். ஒன்று, ஊதும் பரிசோதனையில் 'டி.எல்.சி.ஓ.' என்ற எண் இருக்கிறதா? நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்று சொல்லும் எண் அது. இரண்டு, ஆறு நிமிட நடைப் பரிசோதனை செய்தார்களா? செய்திருந்தால் எத்தனை மீட்டர் என்பதோடு நிறுத்தாமல், நடக்கும்போது ஆக்ஸிஜன் அளவு எதுவரை இறங்கியது என்று பாருங்கள். மூன்று, ஸ்கேன் எடுக்கும்போது அத்தையைக் குப்புறப் படுக்கவைத்தார்களா?

10 ஜனவரி, காலை 6.10

நேற்று அவசரத்தில் எழுதினேன். ஸ்கேன் எதைக் காட்டுகிறது என்று சொல்லாமல் மூன்றாவது கேள்வியைக் கேட்டது தவறு.

இந்த நோய்களுக்குப் பொதுப்பெயர் இடைத்திசு நுரையீரல் நோய், சுருக்கமாக ஐ.எல்.டி. ஒரு நோய் இல்லை, நூற்றுக்கு மேற்பட்ட நோய்களின் கூட்டம். காற்றறைகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய சுவரில் அழற்சியோ தழும்போ ஏற்படுவது எல்லாவற்றுக்கும் பொது. அந்தத் தழும்பு எங்கே, எந்த வடிவத்தில் விழுந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் ஸ்கேன் படிப்பவர் நோயின் குடும்பத்தைக் கண்டுபிடிக்கிறார்.

தேன்கூடு என்பது நுரையீரலின் வெளி ஓரத்தில், பெரும்பாலும் அடிப்பகுதியில், தடித்த சுவருள்ள சின்னச் சின்னக் குழிகள் அடுக்கடுக்காக நிற்பது. அங்கே காற்றறை என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. பக்கத்திலேயே மூச்சுக்குழல்கள் தழும்பால் இழுக்கப்பட்டு, கோணல்மாணலாக அகன்றிருக்கும். கொரோனா காலத்தில் எல்லோர் வாயிலும் புழங்கிய 'கிரவுண்ட் கிளாஸ்' வேறு. குளியலறை ஜன்னலில் போடும் மங்கல் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல நுரையீரல் வெளுத்துத் தெரியும், உள்ளே ரத்தக்குழாய்களின் கோடு மறையாது. அது பல நேரங்களில் அழற்சி. மருந்துக்குக் குறைய இடமுண்டு. தேன்கூடு திரும்பாது.

2018ல் அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானிய, லத்தீன் அமெரிக்க நுரையீரல் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் படத்தை நான்கு வகையாகப் பிரித்தது. தேன்கூடு உள்ள முதல் வகை தெளிவாகத் தெரிந்து, நோயாளியின் மற்ற விவரங்களும் ஒத்துப்போனால், நுரையீரலை வெட்டித் திசு எடுக்க வேண்டாம் என்றது. படத்துக்கு அவ்வளவு மதிப்பு. ஆனால் அந்த மதிப்பு நோயின் பெயருக்கும், அது இனி எந்தத் திசையில் போகும் என்பதற்கும்தான். இன்றைக்கு அவர் மார்க்கெட்டுக்கு நடப்பாரா என்ற கேள்வியை நீங்கள் அந்தப் படத்திடம் கேட்கிறீர்கள். அது ஒருவர் படுத்து, மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டிருந்த சில விநாடிகளின் படம்.

குப்புறப் படுப்பது எதற்கு என்றால், மல்லாந்து படுக்கும்போது நுரையீரலின் பின்பக்க அடிப்பகுதி தன் எடையாலேயே அமுங்கி வெளுப்பாகத் தெரியும். குப்புறப் படுத்தால் அந்த வெளுப்பு மறைந்துவிடும். உண்மையான நோய் மறையாது. 'லேசான பாதிப்பு' என்ற அத்தையின் அறிக்கைக்குத்தான் இது முக்கியம். தேன்கூட்டை எப்படிப் படுத்தாலும் மறைக்க முடியாது.

10 ஜனவரி, மதியம்

சேர்த்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருக்கும்போது 97 இருந்த ஆக்ஸிஜன் நடக்கும்போது ஏன் இறங்குகிறது என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார்.

ஓய்வில் ஒரு சிவப்பணு காற்றறையை ஒட்டிய நுண்குழாயைக் கடக்க முக்கால் விநாடி எடுத்துக்கொள்கிறது. நல்ல நுரையீரலில் முதல் கால் விநாடியிலேயே ஆக்ஸிஜன் ஏறிவிடும். மீதி அரை விநாடி கையிருப்பு. வேகமாக நடந்தால் ரத்தம் விரைந்து ஓடி, அந்த முக்கால் விநாடி கால் விநாடியை நோக்கிச் சுருங்குகிறது. சுவர் மெல்லியதாக இருந்தால் அதுவும் போதும். தழும்பால் தடித்த சுவரில் ஆக்ஸிஜன் ஏறி முடிப்பதற்குள் பஸ் புறப்பட்டுவிடுகிறது.

தடித்த சுவர் மட்டுமே காரணம் இல்லை. காற்று போகும் இடமும் ரத்தம் போகும் இடமும் ஒத்துப்போகாமல் இருப்பது, நுண்குழாய்களே அழிந்துபோவது, இரண்டும் சேர்ந்துகொள்ளும். இது ஒன்றும் படுத்து எடுத்த படத்தில் தெரியாது.

13 ஜனவரி

அத்தைக்கு வீட்டு ஆக்ஸிமீட்டரில் 79 காட்டுகிறது, உட்கார்ந்திருக்கும்போதே, என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே போகிற போக்கில் ஒரு வரி: 'குளிர்ந்த தண்ணீரில் பாத்திரம் தேய்த்தால் விரல் நுனி வெள்ளையாகிவிடும்.' மொத்தக் கடிதத்திலும் முக்கியமான வரி அதுதான்.

விரல் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவப்பவர்களுக்கு விரல் நுனியில் ரத்த ஓட்டம் போதாது. விரலில் மாட்டும் கருவி துடிப்பைப் பிடிக்க முடியாமல் ஏதோ ஓர் எண்ணைக் காட்டும். கையை வெந்நீர்ப் பையில் பத்து நிமிடம் வைத்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். கருவியில் துடிப்பு அலை ஒழுங்காக ஏறி இறங்குகிறதா என்று கவனியுங்கள். எண் நிலையாக நிற்கட்டும். அப்போதும் 79 என்றால் இன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நகப்பூச்சும் கருப்பு மருதாணியும் இருந்தால் வேறு விரல் பாருங்கள். எங்கள் ஆய்வகத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு நெற்றியில் ஒட்டும் உணரியைத்தான் பயன்படுத்துகிறோம்.

விரல் வெளுப்பது, கைத்தோல் இறுகிப் பளபளப்பது, நெஞ்செரிச்சல் மூன்றும் இருந்தால் ஸ்கிளெரோடெர்மா என்ற தோல் இறுக்க நோய் இருக்கிறதா என்று மூட்டு, வாத மருத்துவர் பார்த்தாரா?

13 ஜனவரி, இரவு

கை சூடானதும் 96 வந்தது என்று எழுதியதைப் படித்தேன். நல்லது. ஸ்கிளெரோடெர்மா என்று இரண்டு வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறார்கள் என்பதை முதல் நாளே எழுதியிருக்கலாம்.

17 ஜனவரி

பொங்கல் முடிந்து இன்று ஆய்வகம் திறந்தோம். முதல் ஆளாக வந்தவர் வேறோர் ஊர் மருத்துவமனையின் நடைப் பரிசோதனைத் தாளைக் கொடுத்தார். அதில் இருந்தது: '380 மீட்டர். இறுதி ஆக்ஸிஜன் 91.' அவ்வளவுதான். கோபம் வந்தது. ஆறு நிமிடம் ஒருவரை மூச்சு வாங்க நடக்கவைத்துவிட்டு இரண்டு எண்களை மட்டும் எழுதுவது அவருடைய உழைப்பை வீணாக்குவது.

எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்கிறேன், அப்பாவுக்குச் செய்யும்போது நீங்களே கவனிக்கலாம். சமதளமான 30 மீட்டர் நடைவழி. இரண்டு முனையிலும் கூம்பு. தரையில் மூன்று மீட்டருக்கு ஒரு பட்டை. நோயாளி தனக்கு முடிந்த வேகத்தில் போய்த் திரும்பி நடக்க வேண்டும். நிற்கலாம், சுவரில் சாயலாம், கடிகாரம் மட்டும் நிற்காது. நான் கூடவே நடந்து உற்சாகப்படுத்தக் கூடாது, என் வேகம் அவரை இழுத்துவிடும். ஒவ்வொரு நிமிடமும் ஒரே வாக்கியம், ஒரே குரல்: 'நன்றாக நடக்கிறீர்கள், இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது.' எல்லோருக்கும் ஒரே மாதிரி சொன்னால்தான் ஆறு மாதம் கழித்து வரும் எண்ணோடு ஒப்பிட முடியும்.

2002ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் நடக்கும்போது ஆக்ஸிஜனைத் தொடர்ந்து பார்ப்பதைக் கட்டாயமாக்கவில்லை. 2014ல் ஐரோப்பிய, அமெரிக்கச் சங்கங்கள் சேர்ந்து கொடுத்த தரவிதி தொடர்ந்து பார்க்கச் சொன்னது. எண் 80க்குக் கீழே போனால் நிறுத்தச் சொன்னது. இரண்டு முறை நடக்கவைக்கவும் சொன்னது, ஏனென்றால் இரண்டாவது முறை பெரும்பாலானவர்கள் கூடுதல் தூரம் நடக்கிறார்கள், வழி பழகிவிடுகிறது.

இன்று வந்தவரை மறுபடி நடக்கவைத்தேன். 371 மீட்டர். நான்காவது நிமிடத்தில் 84. பிறகு வேகத்தைக் குறைத்துக்கொண்டார், முடிக்கும்போது 90. முதல் தாளில் இருந்த 91 பொய் இல்லை. அந்த 84 தாளில் ஏறவே இல்லை, அதுதான் குறை. 88க்குக் கீழே இறங்குபவர்களின் நோய் வேகமாக முற்றக்கூடும் என்பது இருபது வருடமாகத் தெரிந்த விஷயம். டாக்டர் அதைப் பார்த்திருந்தால் மூன்று மாதத்துக்கு முன்பே வேறு முடிவு எடுத்திருப்பார்.

18 ஜனவரி

நேற்று எழுதியதைப் படித்தால் தூரம் முக்கியமில்லை என்று நான் சொல்வதுபோல இருக்கிறது. அப்படி இல்லை, திருத்துகிறேன். ஒரு தடவை நடந்த தூரம் வயது, உயரம், முழங்கால், மனநிலை எல்லாம் கலந்த எண். ஒரே ஆள் அடுத்தடுத்து நடந்த தூரங்களின் வித்தியாசம் கனமானது. சுமார் 30 மீட்டர் மாறினாலே நோயாளிக்கு வாழ்க்கையில் தெரிகிற மாற்றம் என்று எடுத்துக்கொள்கிறோம். எங்கள் நடைவழியில் அது ஒரே ஒரு நீளம்.

24 ஜனவரி

அப்பாவின் தாள்களைப் படித்துவிட்டேன். நேற்று அவரை அழைத்து வந்தபோது நான்தான் நடக்கவைத்தேன் என்பதை இங்கே சொல்லலாம் என்று நீங்கள் அனுமதி கொடுத்ததால் எழுதுகிறேன்.

ஊதும் பரிசோதனையில் நுரையீரல் கொள்ளளவு எதிர்பார்க்கும் அளவில் 88 சதவீதம். பார்த்ததும் யாரும் 'பரவாயில்லை' என்றுதான் சொல்வார்கள், உங்களிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். டி.எல்.சி.ஓ. 37 சதவீதம். இந்த இரண்டும் ஒரே தாளில் அடுத்தடுத்த வரியில் இருந்தால் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். 'ஐயா, புகை உண்டா?' என்று கேட்டேன். உங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, 'பீடி. விட்டு ஆறு வருடம் ஆகிறது' என்றார்.

ஸ்கேன் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது, யாரும் உங்களுக்குப் படித்துக் காட்டவில்லை: மேல்பகுதியில் எம்ஃபைசிமா. அதாவது மேலே புகையால் காற்றறைச் சுவர்கள் உடைந்து பெரிய பைகளாகிவிட்டன. கீழே தழும்பால் நுரையீரல் சுருங்கியிருக்கிறது. ஒன்று கொள்ளளவைக் கூட்டுகிறது, மற்றது குறைக்கிறது. கூட்டிக் கழித்தால் ஊதும் பரிசோதனை ஏறக்குறைய இயல்பாக வருகிறது. ஆனால் வாயு கடக்கும் பரப்பு இரண்டு பக்கமும் நஷ்டம். 2005ல் பிரான்ஸில் வின்சென்ட் கோட்டினும் கூட்டாளிகளும் 61 பேரின் விவரத்தை வைத்து இதைத் தனி நோய்க்கூட்டாக எழுதினார்கள்.

நடை: 438 மீட்டர். 66 வயதுக்கு நல்ல தூரம். ஆரம்பத்தில் ஆக்ஸிஜன் 96. இரண்டாவது நிமிடத்தில் 90. ஐந்தாவது நிமிடத்தில் 84. முடித்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் இறங்கியது, இருபது விநாடி கழித்து 81. விரலுக்கு ரத்தம் வந்துசேரவும் கருவி கணக்கிடவும் ஆகும் தாமதம் அது. அதனால்தான் முடித்தவுடன் கருவியைக் கழற்றக் கூடாது. அந்த 81ல் 'இளைப்பு எவ்வளவு? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள்' என்று கேட்டேன். 'இரண்டு' என்றார். முகத்தில் வியர்வைகூட இல்லை. உதடு மட்டும் லேசாகக் கருநீலம்.

நீங்கள் 'அப்பா நன்றாக நடக்கிறார்' என்றது உண்மை. கால்கள் உழைத்துப் பழகியவை. ஆக்ஸிஜன் குறைவதை மூளை பலருக்கும் அவ்வளவாக உணர்த்துவதில்லை. மூச்சுமுட்டலைக் கிளப்புவது பெரும்பாலும் கரியமில வாயுவும் மூச்சுத்தசைகளின் சிரமமும்தான். ஆகவே காய்கறிப் பையோடு வரும்போது எத்தனை நாள் 80ஐத் தொட்டிருக்கிறாரோ, அவருக்கே தெரியாது. அவரிடம் இதைச் சொன்னபோது 'அப்படியானால் இத்தனை நாள் நடந்ததே தப்பா?' என்று கேட்டார். தப்பில்லை என்றேன். நடக்க வேண்டும், ஆனால் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும்.

27 ஜனவரி

புறாவால் இந்த நோய் வருமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். விவாதம் கொஞ்சம் விலகினாலும் பரவாயில்லை, இது நம் ஊர் விஷயம்.

இந்தியாவில் 19 நகரங்களின் 27 மையங்களில் ஐ.எல்.டி. நோயாளிகள் 1,084 பேரைப் பதிவு செய்த ஆய்வு 2017ல் வந்தது. அதில் 47.3 சதவீதம் பேருக்கு ஒவ்வாமை வகை நுரையீரல் அழற்சி. காரணம் தெரியாத நார்ப்பெருக்கம், அதாவது தழும்பு நோய், 13.7 சதவீதம் மட்டுமே. அந்த ஒவ்வாமை வகையில் ஏறக்குறையப் பாதிப் பேர் தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் பயன்படுத்தியவர்கள், அதன் ஈரப் பாயில் வளரும் பூஞ்சை காரணமாக இருக்கலாம். பறவைகள், குறிப்பாகப் புறா, அடுத்தது. மருத்துவமனைக்கு வந்தவர்களின் கணக்கு இது, நாட்டின் கணக்கு இல்லை. இருந்தாலும் அடுக்குமாடி பால்கனியில் புறாவுக்குத் தானியம் போடுகிறவர்கள் வீட்டில் யாருக்காவது விடாத இருமல் இருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஸ்கேனில் இதற்கு ஓர் அடையாளம் உண்டு. மூச்சை வெளியே விட்டபின் எடுத்த படத்தில் சில இடங்கள் கருப்பாகவே நிற்கும், சின்ன மூச்சுக்குழல்களில் காற்று சிக்கிக்கொண்டதால். வெளுப்பு, இயல்பு, கருப்பு என மூன்று நிறமும் திட்டுத்திட்டாகச் சேர்ந்து தெரியும். மூச்சை இழுத்து மட்டும் படம் எடுத்தால் இது நழுவிவிடலாம்.

2 பிப்ரவரி

அத்தை விஷயம். இன்னும் நடைப் பரிசோதனை ஆகவில்லை என்பதால் ஊகமாகத்தான் எழுதுகிறேன்.

ஸ்கிளெரோடெர்மாவில் வரும் நுரையீரல் பாதிப்புக்கு 2008ல் லண்டனிலிருந்து ஒரு எளிய கணக்கு வந்தது: ஸ்கேனில் நோய் 20 சதவீதத்துக்கு மேல் பரவியிருந்தால் 'அதிகம்', குறைவாக இருந்தால் 'குறைவு', இரண்டுக்கும் நடுவே தடுமாறினால் கொள்ளளவு 70 சதவீதத்துக்கு மேலா கீழா என்று பார்த்து முடிவு செய். அத்தைக்குக் கொள்ளளவு 82. ஸ்கேனில் பத்து சதவீதம்கூட இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். 'லேசு' என்ற சொல் சரிதான்.

பின் ஏன் நடக்க முடியவில்லை? இரண்டு வருடமாக ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை என்கிறீர்கள். ஸ்டீராய்டு தொடைத்தசையைக் கரைக்கும். இளைக்கிறது என்று உட்கார, உட்கார்ந்ததால் தசை தளர, தளர்ந்ததால் இன்னும் சீக்கிரம் இளைக்க, இந்தச் சுற்றில்தான் அவர் மாட்டியிருக்கிறார் என்று நினைக்கிறேன். தொடைக்குப் பயிற்சி கொடுத்தால் தேறிவிடுவார்.

19 பிப்ரவரி

மேலே 2 பிப்ரவரி அன்று எழுதியதை அப்படியே விட்டுவைக்கிறேன், அழிக்கவில்லை. அது தவறு, பாதியாவது தவறு.

அத்தை இன்று வந்தார். நெற்றியில் உணரியை ஒட்டி நடக்கவைத்தேன். 192 மீட்டர், இரண்டு முறை நின்றார். ஆக்ஸிஜன் 96லிருந்து 85. தசை மட்டும் தளர்ந்தவருக்கு ஆக்ஸிஜன் இப்படி இறங்காது. ஸ்கேனில் அவ்வளவு நோயும் இல்லை. டி.எல்.சி.ஓ. 31 சதவீதம். கொள்ளளவுச் சதவீதத்தை டி.எல்.சி.ஓ. சதவீதத்தால் வகுத்தால் 2.6 வருகிறது. இந்த நோயில் அது 1.6ஐத் தாண்டினாலே நுரையீரல் ரத்தக்குழாய்களைச் சந்தேகிக்கச் சொல்வார்கள். தாளை எடுத்துக்கொண்டு நானே மேலே போய் டாக்டரிடம் காட்டினேன். இன்று மாலையே எக்கோ, அதாவது இதய ஸ்கேன். இதயத்தின் வலது அறை வீங்கியிருக்கிறது.

அதாவது அத்தையின் பிரச்சினை நுரையீரலின் சுவரில் குறைவு, அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் அதிகம். குழாய்கள் உள்ளே தடித்து அழுத்தம் ஏறியிருக்கிறது. நுரையீரல் தழும்பைத் தேடி எடுத்த படத்தில் 'லேசு' என்றால் தழும்பு லேசு, அவ்வளவே. அத்தையின் நோய் லேசு என்று அதற்குப் பொருள் இல்லை. நுரையீரல் தமனி அகன்றிருப்பது அந்த ஸ்கேனிலேயே ஓரளவு தெரிந்திருக்கும், யாரும் அளக்கவில்லை.

நான் இரண்டரை வாரத்துக்கு முன் தொடைப் பயிற்சி என்று எழுதியதை நம்பி வீட்டிலேயே கடுமையாகப் பயிற்சி கொடுத்திருந்தால் அவர் மயங்கி விழுந்திருக்கலாம். நல்லவேளை, நீங்கள் காத்திருந்தீர்கள். பார்க்காத ஆளைப் பற்றி இனி இங்கே ஊகம் எழுத மாட்டேன்.

6 மார்ச்

வலது இதயத்துக்குள் குழாய் செலுத்தி அளந்ததில் நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 38 என்று எழுதியிருக்கிறீர்கள். 20க்கு மேல் போனாலே அதிகம் என்பது 2022ல் ஐரோப்பாவில் வகுத்த எல்லை. மருந்து தொடங்கிவிட்டார்கள் என்பது நிம்மதி. நேரம் எடுக்கும்.

7 மார்ச்

அப்பா ஆக்ஸிஜன் வேண்டாம் என்கிறாராம். 'மூக்கில் குழாயோடு மார்க்கெட்டுக்குப் போனால் ஊரே செத்துப்போகிறவனைப் பார்ப்பதுபோலப் பார்க்கும்.' இந்த வாக்கியத்தை வேறு வேறு வாயிலிருந்து நூறு முறை கேட்டிருக்கிறேன். அதை அற்பம் என்று தள்ளாதீர்கள்.

அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். 2018ல் இங்கிலாந்தில் அவரைப் போன்றவர்களிடமே ஓர் ஆய்வு செய்தார்கள்: உட்கார்ந்திருக்கும்போது ஆக்ஸிஜன் சரி, நடந்தால் 88க்கு இறங்கும், தழும்பு நோய். இரண்டு வாரம் ஆக்ஸிஜனோடு, இரண்டு வாரம் இல்லாமல். ஆக்ஸிஜனோடு இருந்த வாரங்களில் இளைப்பும் அன்றாட நடமாட்டமும் தேறியதாக அவர்களே சொன்னார்கள். ஆயுள் கூடுமா என்று அந்த ஆய்வு பார்க்கவில்லை, அந்த வாக்குறுதியை நானும் கொடுக்க மாட்டேன். ஓய்வில் அவருக்கு ஆக்ஸிஜன் தேவையே இல்லை. நடக்கும் நேரத்துக்கு மட்டும். மார்க்கெட்டை விட்டுவிடச் சொல்லவில்லை, மார்க்கெட்டைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சொல்கிறோம்.

மருந்தும் பயிற்சியும் தனி. தழும்பு பரவும் வேகத்தைக் குறைக்கும் மாத்திரையை டாக்டர் தொடங்கியிருக்கிறார், அது இருக்கும் தேன்கூட்டை அழிக்காது. பயிற்சி என்பது வாரம் இரண்டு நாள், எட்டு வாரம், எங்கள் கண் முன்னால். 2021ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் ஐ.எல்.டி. நோயாளிகள் பயிற்சிக்குப் பிறகு ஆறு நிமிடத்தில் சராசரியாக 40 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள். ஸ்கேன் மாறி நடை கூடவில்லை. கால் தசை கற்றுக்கொண்டது, பயம் விலகியது.

11 மே

எட்டு வாரம் முடிந்தது. அப்பா 466 மீட்டர், ஆக்ஸிஜன் போட்டுக்கொண்டு, மிகக் குறைந்தது 89. ஜனவரியின் 438ஐவிட 28 மீட்டர் கூட, ஆனால் அன்று ஆக்ஸிஜன் இல்லாமல் நடந்தார், அதனால் இரண்டையும் நேராகக் கழித்துப் பார்க்காதீர்கள். ஸ்கேன் மறுபடி எடுக்கவில்லை, இப்போதைக்கு எடுக்கவும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சிலிண்டரை மருமகள் தைத்த மஞ்சள் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிறார். இளநீர்க் கடைக்கு முன்னால் நின்று விரலில் கருவியை மாட்டி, 92 வரும்வரை கடைக்காரரோடு பேசிக்கொண்டிருக்கிறார். கடைக்காரர் இப்போது அவருக்கு முன்பே எண்ணைப் படித்துச் சொல்கிறாராம். காய்கறிப் பையை மட்டும் பேரன் தூக்கி வருகிறான்.

அத்தை கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுகிறார். தரையிலிருந்து இன்னும் முடியவில்லை. நடை 231 மீட்டர். வாசலுக்கு வந்துவிடுகிறார், திரும்பும்போது திண்ணையில் ஒரு முறை உட்காருகிறார்.

அடுத்த பரிசோதனை இருவருக்கும் நவம்பரில். எங்கே செய்தாலும் சரி, தாளில் இவை இருக்க வேண்டும்: தூரம், மிகக் குறைந்த ஆக்ஸிஜன், எந்த நிமிடத்தில், எத்தனை முறை நின்றார், இளைப்புக்கு அவர் சொன்ன எண், ஆக்ஸிஜன் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர். அத்தைக்கு உணரி நெற்றியில் என்றும் எழுதச் சொல்லுங்கள். சிலிண்டரைச் சுமந்தது அவரா, வேறு யாருமா என்பதையும்.